பூச்சியின் தலையில் ஒரு கப்பல் கழி: ஆன்டெனா என்ற சொல் வந்த வழி

கரப்பான்பூச்சியின் தலையில் முன்பக்கமாக ஆடிக்கொண்டே இருக்கும் அந்த இரண்டு நீள இழைகளைப் பேச்சில் மீசை என்போம், பாடப்புத்தகம் உணர்கொம்பு என்னும், உயிரியல் படித்தவர்கள் ஆன்டெனா என்பார்கள். இந்த மூன்றாவது பெயரைக் கேட்டதும் பலருக்கு டிவி ஆன்டெனாதான் ஞாபகத்துக்கு வரும், அதனால் டிவி ஆன்டெனா மாதிரி இருக்கிறது என்றுதான் பூச்சிக்கும் அந்தப் பெயரை வைத்திருப்பார்கள் என்று மனது தானாகவே முடிவு கட்டிவிடும். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் பூச்சிக்கு அந்தப் பெயர் கிடைத்து 400 வருடங்களுக்கு மேல் கழித்துத்தான் ரேடியோ என்ற ஒன்றே வந்தது.

சரி, அப்படியானால் ரேடியோக்காரர்கள் பூச்சியைப் பார்த்துப் பெயர் வைத்தார்களா? அதுவும் இல்லை. இரண்டு பெயருக்கும் மூலம் ஒரு நீளமான மரக்கழி. லத்தீன் மொழியில் ஆன்டென்னா என்றால் கப்பலில் பாயைக் கட்டித் தொங்கவிடுவதற்காகப் பாய்மரத்தின் குறுக்கே ஏற்றுகிற கழி. நட்டுக்குத்தலாக நிற்பது பாய்மரம், அதன் மேலே குறுக்காகத் தொங்குவது ஆன்டென்னா. கப்பலில் இருந்த அந்தக் கழி பூச்சியின் தலைக்கு எப்படி வந்தது என்பதற்குப் பின்னால் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார். அவருக்கு முன்னால் அரிஸ்டாட்டில் இருக்கிறார். அங்கிருந்தே தொடங்கலாம்.

அரிஸ்டாட்டில் வாழ்ந்தது கி.மு. 384 முதல் 322 வரை. தத்துவம் எழுதியவர் என்றுதான் அவரைப் பொதுவாகச் சொல்வார்கள், ஆனால் மீன், தேனீ, நண்டு, வண்டு என்று கையில் கிடைத்ததையெல்லாம் உற்றுப் பார்த்தும் அறுத்துப் பார்த்தும் பக்கம் பக்கமாக எழுதிவைத்த மனிதர் அவர். விலங்குகளைப் பற்றிய அவருடைய பெரிய நூலின் நாலாவது பகுதியில் பூச்சிகளின் உடலை விவரிக்கும்போது, சிலவற்றுக்குக் கண்களுக்கு முன்னால் 'கெராயா' இருக்கின்றன என்று சொல்லி, வண்ணத்துப்பூச்சியை உதாரணம் காட்டுகிறார். (வண்ணத்துப்பூச்சிக்கு அவர் எழுதிய சொல் 'ப்ஸூகே'. கிரேக்கத்தில் உயிருக்கும் ஆன்மாவுக்கும் அதுவே பெயர். சைக்காலஜி என்ற சொல் பிறந்த அதே வேர்தான்.)

இப்போது கெராயா என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் கதை முழுக்க இந்த ஒரு சொல்லுக்குள்தான் இருக்கிறது. கிரேக்கத்தில் 'கெராஸ்' என்றால் கொம்பு, மாட்டின் தலையில் இருக்கிற கொம்பு. அதிலிருந்து வந்தது கெராயா, அதாவது கொம்பு போல நீட்டிக்கொண்டிருக்கும் எதுவும். பூச்சியின் தலையில் நீட்டிக்கொண்டிருப்பது கெராயா. கப்பலில் பாய்மரத்திலிருந்து இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் குறுக்குக் கழியும் கெராயா. எழுத்தின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கோடும் கெராயா. பைபிளில் மத்தேயு 5:18 வசனத்தின் கிரேக்க மூலத்தில் இந்தச் சொல்தான் வருகிறது. தமிழ் பைபிள் அதை 'எழுத்தின் உறுப்பு' என்று மொழிபெயர்த்திருக்கிறது.

மிருகத்தின் கொம்பு, மரக்கழி, எழுத்தின் கோடு, மூன்றுக்கும் ஒரே குடும்பத்துச் சொல்லா என்று வேறு மொழிக்காரர்கள் ஆச்சரியப்படலாம். தமிழ்க்காரர்களுக்கு இதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை, நம் 'கொம்பு' அப்படியே இதைத்தான் செய்கிறது. மாட்டுக்கும் கொம்பு, மரத்தின் கிளைக்கும் கொம்பு. கொடி பற்றிப் படர ஊன்றுகிற கழி கொழுகொம்பு. கிளையில் கட்டிய கூட்டிலிருந்து எடுப்பது கொம்புத்தேன். 'கெ' எழுதும்போது முன்னால் போடுகிற குறி ஒற்றைக்கொம்பு, 'கே' என்றால் இரட்டைக்கொம்பு. இந்தச் சொல்லின் வரலாற்றை ஆங்கிலத்தில் வாசித்தபோது அரைகுறையாகத்தான் புரிந்தது, 'அட, இது நம்ம கொம்பு மாதிரி' என்று தோன்றிய நிமிடத்தில் மொத்தமும் விளங்கிவிட்டது. அதனால்தான் இதைத் தமிழில் எழுத வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

அப்புறம் ஆயிரத்து எழுநூறு வருடங்களுக்கு மேல் ஓடிவிட்டன. 15ஆம் நூற்றாண்டு. தியோடோரஸ் காசா என்ற கிரேக்க அறிஞர், தெசலோனிக்கா நகரத்துக்காரர். அந்த நகரம் 1430இல் ஒட்டோமான் துருக்கியர் கைக்குப் போனது, 1440 வாக்கில் காசா இத்தாலியில் இருந்தார். அவர் தாய்மொழி கிரேக்கம். லத்தீனை வளர்ந்த பிறகு, மாந்துவா நகரில் ஓர் ஆசிரியரிடம் மாணவனாக உட்கார்ந்துதான் கற்றுக்கொண்டார், பிறகு ஃபெராராவில் மற்றவர்களுக்குக் கிரேக்கம் கற்பித்தார். அந்தக் காலத்தில் ஐரோப்பிய அறிவுலகம் படித்தது, எழுதியது, சண்டை போட்டது எல்லாமே லத்தீனில், எனவே கிரேக்க நூல்களை நல்ல லத்தீனில் கொண்டுவர வேண்டும் என்று போப் ஐந்தாம் நிக்கோலஸ் பெரிய முயற்சி எடுத்தார். அரிஸ்டாட்டிலின் விலங்கு நூல்களை மொழிபெயர்க்கும் வேலை காசாவிடம் வந்தது. அந்த மொழிபெயர்ப்பு 1476இல் வெனிஸ் நகரில் அச்சானது.

மொழிபெயர்த்துக்கொண்டே வந்தவர் பூச்சியின் கெராயாவில் வந்து நின்றிருப்பார். அவருடைய தாய்மொழியில் அது ஒரே சொல், லத்தீனுக்குப் போனால் அதற்கு இரண்டு சொல் இருக்கிறது. கொம்பு என்ற பொருளில் எடுத்தால் 'கோர்னு' என்று எழுத வேண்டும், பாய் கட்டும் கழி என்ற பொருளில் எடுத்தால் 'ஆன்டென்னா'. நாம் கொம்பு என்ற சொல்லை வேறு மொழிக்குக் கொண்டுபோகும்போது 'எந்தக் கொம்பு? மாட்டுக் கொம்பா, மரக் கொம்பா?' என்று ஒருவர் திருப்பிக் கேட்டால் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் இல்லையா, அதே இக்கட்டு. காசா ஆன்டென்னாவைத் தேர்ந்தெடுத்தார். அதற்கு முன்னால் அது சுத்தமான கப்பல் சொல், காற்றும் கயிறும் உப்புத் தண்ணீரும் சம்பந்தப்பட்ட சொல். அன்றைக்கு அது பூச்சியின் தலையில் ஏறியது, இன்றுவரை இறங்கவில்லை.

இதைத் தவறான மொழிபெயர்ப்பு என்று சொல்பவர்கள் உண்டு. கொம்பு என்று சொல்ல வேண்டிய இடத்தில் கப்பல் கழி என்று எழுதிவிட்டாரே என்பது அவர்கள் வாதம். நான் இதை ஏற்க மாட்டேன். மாட்டின் கொம்பை மாடு தனியாக அசைக்க முடியாது, தலையை ஆட்டினால்தான் கொம்பும் ஆடும். பாய்க் கழி அப்படி இல்லை. ஓர் இடத்தில் தொங்கும், அந்த இடத்தை மையமாக வைத்து, கயிற்றை இழுத்தால் காற்றுக்குத் தகுந்தபடி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பும். பூச்சியின் ஆன்டெனாவும் அதே விதம்தான் இயங்குகிறது. தலையில் ஒரு குழி, குழியின் விளிம்பில் ஒரு சின்ன முளை, அந்த முளையின் மேல் ஆன்டெனாவின் அடிப்பகுதி உட்கார்ந்து சுழல்கிறது, இழுக்கிற கயிறுகளின் இடத்தில் தசைகள். இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. மத்தியதரைக் கடலில் அந்தக் காலத்தில் ஓடிய பெரிய துடுப்புக் கப்பல்களில் முக்கோணப் பாய் கட்டுவார்கள், அதன் கழி குறுக்காக நேராக இருக்காது, மிக நீளமாக, முனை போகப்போக மெலிந்து, சாய்வாக வானத்தைப் பார்த்து ஏறி நிற்கும். அவ்வளவு நீள மரம் ஒரே துண்டாகக் கிடைப்பது கடினம் என்பதால் இரண்டு மூன்று துண்டுகளை ஒட்டவைத்துக் கயிறு சுற்றிக் கட்டியிருப்பார்கள். துண்டு துண்டாகச் சேர்ந்து, மெலிந்து, சாய்ந்து மேலே நீளும் ஒன்று. ஒரு வெட்டுக்கிளியைப் பக்கவாட்டில் பார்த்துவிட்டு அந்தக் கப்பலின் படத்தைப் பார்த்தால், காசாவின் மனதில் என்ன ஓடியிருந்தாலும், சொல் சரியான இடத்தில்தான் போய் உட்கார்ந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. லத்தீன் கவிதையில் அந்தக் கழியின் இரண்டு முனைகளையும் 'கொம்புகள்' என்று சொல்லும் வழக்கமும் இருந்தது, எனவே கொம்பும் கழியும் லத்தீன் காதுக்கும் அப்படி ஒன்றும் தூரத்துச் சொந்தம் இல்லை.

இதெல்லாம் நேரில் பார்க்க ஒரு எறும்பு போதும். பூதக்கண்ணாடி இருந்தால் இன்னும் நல்லது, இல்லாவிட்டால் செல்போன் கேமராவைப் பெரிதாக்கி வைத்துக்கொள்ளலாம். எறும்பின் ஆன்டெனா நேராக இருக்காது, மடக்கிய முழங்கை மாதிரி நடுவில் வளைந்திருக்கும். தலையிலிருந்து முழங்கை வரைக்கும் ஒரே நீளத் துண்டு, அதற்குப் பெயர் ஸ்கேப், லத்தீனில் 'ஸ்காபுஸ்' என்றால் தண்டு. முழங்கை இருக்கும் இடத்தில் சின்னதாக ஒரு துண்டு, பெடிசெல், அதாவது சின்னக் கால். அதற்கு அப்பால் மணி கோத்த மாதிரி வரிசையாகப் போவதெல்லாம் சேர்ந்து ஃப்ளஜெல்லம், 'சின்னச் சாட்டை' என்று பொருள். எல்லாப் பூச்சிக்கும் இதே மூன்று பகுதிகள்தான், அளவும் வடிவமும்தான் மாறும். கரப்பான்பூச்சியின் சாட்டையில் மட்டும் 100க்கும் மேற்பட்ட வளையங்கள் இருக்கும். சாட்டை என்ற பெயர் ரொம்பப் பொருத்தம், ஏனென்றால் நிஜமான சாட்டையைப் போலவே இதையும் அடியிலிருந்துதான் வீச முடியும், பூச்சிகளின் ஃப்ளஜெல்லத்துக்குள் தசையே கிடையாது.

எறும்பைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தால் நடந்துகொண்டிருந்தது சட்டென்று நிற்கும். முன்காலைத் தூக்கி, ஒரு பக்க ஆன்டெனாவைக் காலுக்கு நடுவில் வைத்து, அடியிலிருந்து நுனிவரை ஒரே இழுப்பாக இழுத்து விடும். பிறகு மறுபக்கம். சில சமயம் அந்தக் காலையே வாயில் வைத்துத் துடைத்துக்கொள்ளும். அந்த முன்காலில் அரைவட்டமாக ஒரு வெட்டு இருக்கிறது, அதன் ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி நுண்மயிர், எதிரில் ஒரு முள் வந்து மூடிக்கொள்ளும். தூசி எல்லாம் அதில் வழித்துக்கொண்டு வரும். இந்த உறுப்புக்குப் பெயர் ஸ்ட்ரிஜில். ரோமானியர்கள் குளிக்கும்போது உடம்பில் எண்ணெய் தடவி, அழுக்கோடு அதை வழித்தெடுக்க வளைந்த உலோகக் கருவி ஒன்று வைத்திருந்தார்கள், அதன் பெயரைத்தான் எறும்பின் காலுக்கு வைத்துவிட்டார்கள். எனக்கு ஆன்டெனாவை அடுத்து மிகவும் பிடித்த பூச்சிச் சொல் இதுதான்.

எறும்பு ஏன் இவ்வளவு கவனமாகத் துடைக்கிறது? அதற்கு மூக்கே அதுதான். ஆன்டெனாவின் மேல் கண்ணுக்குத் தெரியாத மயிர்கள் நிறைய, அவற்றில் நுண்துளைகள், மணம் அந்தத் துளை வழியாக உள்ளே போய் நரம்பைத் தொடுகிறது, தூசி அடைத்தால் எறும்புக்கு வழி தெரியாது, கூட்டாளி யார் என்று தெரியாது. ஆண் பட்டுப்பூச்சி தன் இறகு போன்ற ஆன்டெனாவால் பெண்ணின் வாசனையைப் பிடிக்கிறது. அந்த வாசனைப் பொருள் என்ன என்று கண்டுபிடிக்க ஜெர்மானிய வேதியியலாளர் அடோல்ஃப் பூட்டனான்ட்டின் குழுவுக்குச் சுமார் 20 வருடமும் ஏறத்தாழ 5 லட்சம் பட்டுப்பூச்சிகளும் தேவைப்பட்டன, 1959இல் அதற்கு பாம்பிகால் என்று பெயர் வைத்தார்கள். கொசுவுக்கு ஆன்டெனா காதும் கூட. பெடிசெல் என்ற அந்தச் 'சின்னக் கால்' கொசுவில் உருண்டையாக வீங்கியிருக்கும். கிறிஸ்டோஃபர் ஜான்ஸ்டன் என்ற அமெரிக்க மருத்துவர் 1855இல் இதைக் கொசுவின் காது என்று விவரித்து எழுதினார், இன்றும் ஜான்ஸ்டன் உறுப்பு என்றே சொல்கிறோம். ஆண் கொசுவின் ஒரு காதில் சுமார் 15,000 உணர்செல்கள் இருக்கின்றன, முக்கியமாகப் பெண் கொசு சிறகடிக்கும் ரீங்காரத்தைக் கேட்பதற்காக.

காசா கைவிட்ட அந்தக் கொம்பு என்ன ஆனது என்று கேட்டால், அது எங்கேயும் போய்விடவில்லை. கெராஸ் என்ற கிரேக்கச் சொல், பூச்சிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்துப் பெயர் வைத்தவர்களிடம் திரும்ப வந்து சேர்ந்தது. வண்ணத்துப்பூச்சிகளுக்கு 'ரோபலோசெரா' என்று ஒரு பழைய கூட்டப் பெயர் உண்டு, கதாயுதக் கொம்பு என்று அர்த்தம், அவற்றின் ஆன்டெனா நுனியில் குமிழ் போலத் தடித்திருப்பதால். கொசுக்களின் கூட்டம் 'நெமாடோசெரா', நூல் கொம்பு. ஈக்களின் கூட்டம் 'பிராக்கிசெரா', குட்டைக் கொம்பு. ஈயை நன்றாகப் பார்த்தால் கண்களுக்கு நடுவில் புள்ளி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் ஆன்டெனா தெரியும், பெயர் அப்படியே பொருந்தும். 'செரா' என்று முடியும் பெயரை எங்கே பார்த்தாலும் கொம்பு என்று வைத்துப் படிக்கலாம். ரினோசெரஸ் மூக்குக் கொம்பு, ட்ரைசெராடாப்ஸ் மூன்று கொம்பு முகம். ஒரே ஒரு இடத்தில் ஏமாறக் கூடாது. கரப்பான்பூச்சியின் பின்பக்கம் இரண்டு குட்டி நீட்சிகள் இருக்குமே, அவற்றுக்கு 'செர்சை' என்று பெயர், கேட்பதற்கு அதே குடும்பம் மாதிரி இருந்தாலும் அது வால் என்று பொருள்படும் 'கெர்கோஸ்' என்ற வேறு சொல்லிலிருந்து வந்தது.

பூச்சி என்று பொருள்படும் இன்செக்ட் என்ற சொல்லுமே கிரேக்கத்திலிருந்து லத்தீனுக்குத் தாண்டி வந்ததுதான். உடல் துண்டு துண்டாக வெட்டியது போல இருப்பதால் அரிஸ்டாட்டில் 'என்டோமா' என்றார், அதாவது வெட்டுப்பட்டவை. ரோமானியர்கள் அதை அப்படியே லத்தீனில் சொல்லி 'இன்செக்டா' ஆக்கினார்கள். அதில் தேர்ந்தெடுக்க எதுவும் இருக்கவில்லை, வெட்டு என்றால் வெட்டு. கெராயாவில்தான் வழி இரண்டாகப் பிரிந்தது.

கொம்பு என்ற ஒப்புமை இன்னொரு விதத்திலும் இடறியிருக்கும். மாட்டுக் கொம்பின் மேலுறை கெரட்டினால் ஆனது, அந்தப் பெயரும் கெராஸ் என்ற வேரில் முளைத்ததுதான். பூச்சியின் ஆன்டெனாவில் கெரட்டின் கிடையாது, அதன் மேல்தோலில் இருப்பது கைட்டின். 1823இல் பிரெஞ்சுக்காரர் ஒகுஸ்த் ஒதியே அதற்குப் பெயர் வைத்தார், கிரேக்கர் உடுத்திய அங்கியான 'கிட்டோன்' அதன் வேர். அதைவிட முக்கியம், ஆன்டெனா ஒரு காலின் உறவுக்காரன். பழ ஈயில் ஒரு மரபணு மாற்றம் உண்டு, அது நேர்ந்தால் தலையில் ஆன்டெனா இருக்க வேண்டிய இடத்தில் முழுசாக இரண்டு கால்கள் முளைத்து நிற்கும். முதல் தடவை அந்தப் படத்தைப் பார்க்கும்போது கொஞ்சம் பயமாகக்கூட இருக்கும். அந்த மரபணுவுக்கு 'ஆன்டெனபீடியா' என்று பெயர், ஆன்டெனாவும் காலும் சேர்ந்த சொல். பூச்சிகளின் மூதாதை உடலில் துண்டுக்குத் துண்டு ஒரு ஜோடி நீட்சி இருந்தது, பின்னால் இருந்தவை நடக்கப் போயின, வாய் அருகே இருந்தவை மெல்லப் போயின, முன்னால் இருந்த ஜோடி மோப்பம் பிடிக்கப் போனது. இறாலுக்கு இதில் இரண்டு ஜோடி, பூச்சிக்கு ஒரு ஜோடி, சிலந்திக்கு ஒன்றுமே இல்லை. சிலந்தி பூச்சி இல்லை என்று சொல்ல எட்டுக் காலை எண்ணுவோம். ஆன்டெனா இல்லாததும் அதே அளவு நல்ல அடையாளம்.

ரேடியோவுக்கு வருவோம். 1895இல் இத்தாலிக்காரர் மார்க்கோனி கம்பியில்லாமல் செய்தி அனுப்பிப் பார்த்தபோது, உயரத்தில் கம்பியைக் கட்ட நீளமான கம்பங்களை நட்டார். லத்தீனின் ஆன்டென்னா இத்தாலிய மொழியில் உயிரோடு இருந்தது, கப்பல் கழிக்கும், பொதுவாக உயரமான கம்பத்துக்கும் அதுவே சொல். அங்கிருந்துதான் அது ரேடியோவுக்குப் போனது, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்திலும் புகுந்தது. ஆக பூச்சியும் ரேடியோவும் ஒன்றிடமிருந்து இன்னொன்று கடன் வாங்கவில்லை, இரண்டும் கப்பலிடம் வாங்கின. ஆங்கிலத்தில் பன்மை சொல்லும்போது இந்தப் பிரிவு இன்னும் தெரியும். பூச்சிக்கு லத்தீன் இலக்கணப்படி 'ஆன்டெனீ' என்பார்கள், ரேடியோவுக்குச் சாதாரணமாக 'ஆன்டெனாஸ்'.

தமிழில் கலைச்சொல் தேடியவர்கள் உணர்கொம்பு என்று வைத்தார்கள், சில நூல்களில் உணர்நீட்சி. எனக்கு உணர்கொம்புதான் பிடிக்கும். கெராயாவுக்குச் சொல் தேடிக் காசா இரண்டு லத்தீன் சொற்களுக்கு நடுவில் நின்றார், தமிழில் எழுதியிருந்தால் அவருக்கு அந்தச் சிக்கலே வந்திருக்காது, கொம்பு என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போயிருப்பார்.